முதுமைக்கு ஊன்றுகோல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முதியோரைப் பேணுதல் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். பணித்தபொழுதே, "பண்டிதராகிய தாங்கள் அறநூல்களிலுள்ள மேற்கோள்களை எடுத்துச் சொன்னாற் போதும், கேட்பவர் மகிழ்வர்" என்றும் கூறினார்கள். அவர்கள் எம்பால் வைத்த அன்பிற்கு நன்றி. ஆயினும், அங்ஙனம் செய்ய யாம் துணிந்திலேம். என்னை? தாய் தந்தையரைப் போற்றல் வேண்டும் என்பதை அறியாதவர் இவ்வவையில் ஒருவரும் இலர். அறிந்தும், எவ்வாறு போற்றுவது என்று தெரியாமல் திகைப்பவரோ பலர் உளர். அவர் திகைப்பிற்குக் காரணம் அன்பின்மை அன்று. வகையறியாமையும் கை போதாமையுமேயாம். ஆதலின் இன்று அறத்தைச் சிறிது ஒதுக்கிவைத்து, வகையைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சங்கத்தின் கட்டட நிதியைக் கொண்டு முதியோர் இல்லம் ஒன்று எடுக்கலாமா என்னும் பிரேரணை அடுத்த பொதுக்கூட்டத்தில் வரவிருக்கின்றது. நம் மக்கள் பலர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணம் அது. அதனைச் செலவிடுமுன் சிந்தித்தல் நம் கடமையாகும்.

புறநானூற்றிலே ஒரு பாட்டைப் பாடிய புலவர்க்கு இயற்பெயர் யாது என்று இன்று எவரும் அறியார். பூண் கட்டிய கோலை ஊன்றி நடுங்கி நிற்கும் முதுமையைத் தம் பாட்டில் அவர் பாடினமையின், அக்கோலையே அவர்க்குப் பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கினர் சான்றோர். இதில் யாம் காண்பது ஒன்றுண்டு. பூண் கட்டிய கோல் என்றால், அதனை இழைத்தவன் ஒரு தச்சன். பூணை அடித்தவன் ஒரு கம்மியன். தளர்ந்த கால்களுக்குத் துணையாக ஒரு கருவியைச் செய்து கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இன்று படுக்கையின்கீழ் வைக்கும் உணர்கருவியும், கழுத்திற் கட்டும் அபாய மணியும், கைத்தொலைபேசியும் அக்கோலின் பேரப்பிள்ளைகளே. அக்கோலைப் போலவே இவையும் தாமாக நடவா. பிடிப்பதற்கு ஒரு கை வேண்டும். இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கையைப் பற்றியதே.

முதலில் நிலைமையைக் காண்போம். 2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி, 60 வயது நிறைந்தவர்கள் இந்திய நாட்டில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 10.4 பேர். அக்கணக்கிற்குப் பின் அவ்விகிதம் ஏறியதேயன்றி இறங்கவில்லை. நம் பாட்டனார் காலத்தில் ஒரு வீட்டில் ஐந்து மக்களும், அவர்தம் மனைவியரும், பேரரும் இருந்தனர். முதியவர் ஒருவர் நோயுற்றால் பத்துக் கைகள் தாங்கின. இன்று ஒரு மகன் அல்லது ஒரு மகள். அவரும் பிழைப்பின் பொருட்டுத் தொலைவில் உள்ளார். வீட்டிலிருக்கும் கை, மருமகளின் இரண்டு கைகளே. அவரும் காலையில் அலுவலகம் செல்பவராக இருக்கின்றார்.

முதுமையின் நோய்களும் பண்டுபோல் இல்லை. பண்டு காய்ச்சலோ பேதியோ வந்து சில நாளில் முடிவைத் தந்தது. இன்று மருத்துவம் உயிரை நீட்டித் தந்துள்ளது; நீண்ட வாழ்விலே பல நோய்கள் ஒருங்கே குடியிருக்கின்றன. நீரிழிவு, குருதி அழுத்தம், மூட்டுத் தேய்வு, பக்கவாதம் ஆகியவற்றோடு மறதிநோயும் சேர்கின்றது. இந்தியாவில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயால் வருந்துகின்றனர் என்று 2023-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. இத்தகையோரைப் பேணுதற்கு அன்பு மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும். எவ்வாறு புரட்டிப் படுக்கவைப்பது, விழுங்க முடியாதவர்க்கு எவ்வாறு ஊட்டுவது, எட்டு வகை மாத்திரைகளுள் எவை ஒன்றோடொன்று பகைக்கும் என்பனவெல்லாம் கற்றறிய வேண்டிய கலைகள். இதனை உணர்ந்தே, சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டிலேயே டாக்டர் வி. எஸ். நடராசன் அவர்கள் முதியோர்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்திற்கு மேற்பட்டப் படிப்பும் தொடங்கியது. 2024-ல் கிண்டியில் முதியோர்க்கென்றே 200 படுக்கைகள் கொண்ட தேசிய மருத்துவமனை திறக்கப்பெற்றது. இவை நமக்குப் பெருமையே. ஆயினும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்னர், இரவு இரண்டு மணிக்கு முதியவரின் அருகில் நிற்பவர் யார்?

இங்கே எம் தெருவில் நிகழ்ந்ததொன்றைச் சொல்லுதல் வேண்டும். கணவரை இழந்து தனித்திருந்த மூதாட்டி ஒருவர். மகன் கடல் கடந்த நாட்டில் நல்ல உத்தியோகத்தில் இருந்தார். தாயின்மேல் அளவிறந்த அன்புடையவர். கூடத்திலும், அடுக்களையிலும், படுக்கையறையிலும் காமிராக்கள் அமைத்து, தம் கைத்தொலைபேசியிலேயே தாயை நாள்தோறும் பார்த்து வந்தார். ஓரிரவு அம்மையார் நிலை தடுமாறி விழுந்தார். விழுந்ததை மகன் அந்நொடியே கண்டார். கண்டு என் செய்வது? அண்டை வீட்டாரின் எண் அவரிடம் இல்லை. அறிந்த உறவினர் ஒருவர் எண்ணை அழைத்தார், அவர் உறங்கிக்கொண்டிருந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மாற்றுத் திறவுகோல் எவரிடமும் இல்லை. நாங்கள் கதவை உடைத்து உள்ளே சென்றபோது மூன்று மணி நேரம் கழிந்திருந்தது. அம்மூன்று மணி நேரமும் அந்த மகன் தாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பட்ட துன்பத்தைப் பின்னர் அவர் வாயாற் கேட்டபொழுது எமக்குச் சொல் எழவில்லை. கருவி தன் கடமையைக் குறைவின்றிச் செய்தது. வரவேண்டிய கைதான் வரவில்லை. திறவுகோல் ஒன்றை அடுத்த வீட்டில் கொடுத்துவைத்திருந்தால், ஆயிரக்கணக்கான ரூபாய்க் கருவி அன்று பயன்பட்டிருக்கும்.

இனி, எம் வீட்டின் குறையையும் மறைத்தல் முறையன்று. எம் அன்னையார் தம் வாழ்வின் கடைசி மூன்றாண்டுகள் மறதிநோயால் வருந்தினார். எம்மைத் தம் இளைய சகோதரர் என்று எண்ணித் "தம்பி" என்று அழைப்பார். யாமோ ஆசிரியத் தொழிலர்; பிழை கண்டவிடத்துத் திருத்துவது எம் பழக்கம். "அம்மா, நான் தம்பியல்லேன், உங்கள் மகன், தம்பி இறந்து இருபது ஆண்டுகள் ஆயின" என்று நாள்தோறும் திருத்தினோம். நாள்தோறும் அவர் தம் தம்பி இறந்த செய்தியை அன்றுதான் முதன்முதற் கேட்டவர்போல் அழுதார். யாம் செய்தது கொடுமை என்பதை அறியாமலேயே ஓராண்டு காலம் செய்தோம்.

அக்காலத்தில் ஒரு முகவர் வழியாக இளம்பெண் ஒருத்தியை அமர்த்தினோம். முகவர்க்குக் கொடுத்த தொகையில் அப்பெண்ணின் கைக்குச் சென்றது பாதியினும் குறைவு என்பது பின்னரே தெரிந்தது. அவளுக்கு எவரும் பயிற்சி அளித்திலர். அன்னையாரை ஒரே பக்கமாகக் கிடத்திவைத்தாள். இடுப்பிலே புண் கண்டது. அவள்மேல் குற்றமில்லை. கற்பியாதவற்றை அவள் எங்ஙனம் அறிவாள்? பின்னர், "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் அரசினர் திட்டத்தின்கீழ் வலிதணிப்புச் செவிலியர் ஒருவர் எம் இல்லத்திற்கு வந்தார். இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும் என்றார். படுக்கைமேல் குறுக்கே ஒரு துணியை விரித்து, அத்துணியைப் பற்றியே நோயாளியை நகர்த்தினால் தோலும் உரியாது, தூக்குவார் முதுகும் நோவாது என்று செய்து காட்டினார். காற்றடைத்த மெத்தை ஒன்றை வாங்குமாறு கூறினார். எம் மனைவிக்கும் அப்பெண்ணுக்கும் ஒருங்கே கற்பித்தார். போகும்பொழுது எம்மைத் தனியே அழைத்து, "ஐயா, அம்மாவுக்குப் பாடம் நடத்த வேண்டாம். தம்பி என்றால் தம்பியாகவே இருங்கள். தம்பியைப் பற்றி ஏதேனும் கேளுங்கள், மகிழ்ந்து சொல்வார்" என்றார். அன்று முதல் யாம் தம்பியானோம். எம் மாமனைப் பற்றி யாம் அறியாத பல கதைகளை அன்னையார் வாயிலாக அறிந்தோம். அழுகை நின்றது. இருபதாண்டு ஆசிரியத் தொழிலில் யாம் கற்றிராத பாடத்தை அச்செவிலியர் கால் மணி நேரத்தில் கற்பித்துச் சென்றார். இதனையே யாம் சிறப்புப் பயிற்சி என்கின்றோம்.

பிற நாட்டார் இவ்விடுக்கணை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இனிச் சுருங்கக் காண்போம்.

ஜப்பான் நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் 65 வயது கடந்தவர். அந்நாட்டார் 1997-ல் சட்டம் இயற்றி, 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி முதியோர் பேணலுக்கெனக் காப்புறுதித் திட்டமொன்றை நடத்தி வருகின்றனர். 40 வயது எய்தியோர் யாவரும் அதற்குக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். முதியவர் தளர்ந்தபொழுது அவர் நிலையை ஆராய்ந்து ஏழு படிகளுள் ஒன்றில் அமைப்பர். அப்படிக்கேற்ற உதவிகளைத் தேர்ந்து கோத்துக் கொடுப்பதற்கென்றே பயிற்சி பெற்ற திட்ட மேலாளர் ஒருவர் உளர். மருத்துவர் எங்கே, தாதி எங்கே, படுக்கை எங்கே என்று குடும்பத்தார் தெருத்தெருவாய் அலைய வேண்டுவதில்லை. இப்புதிய உத்தியோகம் நாம் கருதத்தக்கது.

அந்நாட்டார் செய்த மற்றொன்று எம்மைப் போன்ற பண்டிதர்க்கு மிக இனியது. மறதிநோய்க்கு அவர் மொழியில் வழங்கிய பழைய சொல் மடமை என்னும் பொருளைத் தன்னுள் கொண்டிருந்தது. அது நோயாளியை இழிவுபடுத்துகின்றது என்று கண்டு, 2004-ல் அரசாங்கமே அச்சொல்லை நீக்கி, அறியும் ஆற்றலைப் பற்றிய நோய் என்னும் பொருளுடைய புதுச்சொல்லை வழக்கிற் கொணர்ந்தது. அடுத்த ஆண்டிலிருந்து, கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிச் சிறுவர் ஆகியோர்க்கு ஒன்றரை மணி நேர வகுப்பு நடத்தி, மறதிநோயாளரைக் கண்டால் எவ்வாறு பேசுவது என்று கற்பிக்கின்றனர். 1 கோடிக்கும் மேற்பட்டோர் அதனைக் கற்றுள்ளனர். நாமோ இன்னும் "கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்கின்றோம். சொல்லைத் திருத்துதற்கு நிதி ஒன்றும் வேண்டா.

ஜப்பானியர் இயந்திரங்களிலும் வல்லவர். சீல் என்னும் கடல்விலங்கின் குட்டியைப் போல் வெண்மயிரோடு அமைந்த "பாரோ" என்னும் பொம்மை ஒன்றுண்டு. ஷிபத்தா தக்கனோரி என்னும் அறிஞர் 1993 முதல் முயன்று உருவாக்கியது அது. தடவிக் கொடுத்தால் தலை திருப்பும், குரலெழுப்பும். மறதிநோயாளர் சிலர் அதனை மடியில் வைத்து அமைதியடைகின்றனர். அமெரிக்க நாட்டில் 2009 முதல் அது மருத்துவக் கருவியாகவும் ஏற்கப்பெற்றது. இதனைக் கேட்டவுடன், "இனி ஆள் எதற்கு? இயந்திரமே போதும்" என்று சிலர் எண்ணலாம். ஜேம்ஸ் ரைட் என்னும் மானிடவியல் அறிஞர் ஜப்பானிய முதியோர் இல்லமொன்றில் தங்கி, ஆளைத் தூக்கும் இயந்திரத்தையும், பேசும் பொம்மையையும், இந்தச் சீல் குட்டியையும் ஊழியர் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று நேரிற் கண்டு, 2023-ல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது யாது? இயந்திரத்தை எடுத்து வருதல், துடைத்தல், இயக்குதல், காத்தல், மீண்டும் பூட்டிவைத்தல் என ஊழியர்க்கு வேலை குறையாமல் கூடியது. நாளடைவில் அவற்றைப் பயன்படுத்துவதும் குறைந்துபோயிற்று. இயந்திரம் வேண்டாவென்பதன்று எம் கருத்து. எவர் கையில், எவ்வேலைக்கு என்று தெளியாமல் வாங்கிய இயந்திரம் வீட்டில் ஓர் அலமாரியை அடைத்துக்கொள்ளும் என்பதே கருத்து.

ஆஸ்திரேலிய நாட்டில் 2018-ல் முதியோர் இல்லங்களைப்பற்றி அரச ஆணைக்குழு ஒன்று அமைந்தது. 2019-ல் அக்குழு தந்த இடைக்கால அறிக்கைக்கு இட்ட பெயர் ஒரே சொல்: புறக்கணிப்பு. செல்வம் நிறைந்த நாடு, கட்டடங்களுக்குக் குறைவில்லை, ஆயினும் பார்ப்பதற்கு ஆள் போதாமையால் முதியோர் பலர் பசியாலும் புண்ணாலும் வருந்தினர். 2021 மார்ச்சு மாதம் 148 பரிந்துரைகளோடு முடிவறிக்கை வெளிவந்தது. அதன்பின் அவ்வரசாங்கம் செய்தது என்ன? 2023 ஜூலை முதல், இல்லங்களில் இரவும் பகலும் பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. 2024 அக்டோபர் முதல், முதியவர் ஒருவர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 215 நிமிடப் பேணல் கிடைத்தல் வேண்டும் என்றும், அவற்றுள் 44 நிமிடம் பதிவுபெற்ற செவிலியரின் பேணலாக இருத்தல் வேண்டும் என்றும் கணக்கிட்டது. 2023-ஆம் ஆண்டின் நடுவில், முதியோரை நேரில் பேணும் ஊழியர்க்கு நூற்றுக்கு 15 வீதம் ஊதியமும் உயர்ந்தது. அன்பை நிமிடத்தால் அளப்பதா என்று நகைத்தல் வேண்டா. ஒருவர்க்கு எத்தனை நிமிடம் கை கிடைக்கும் என்று எண்ணாமற் கட்டிய இல்லம் சத்திரமாகுமேயன்றி இல்லமாகாது. நம் பிரேரணையில் கட்டடத்தின் சதுர அடிக் கணக்கு உள்ளது. நிமிடக் கணக்கு இல்லை. இதனை யாம் குறையாகச் சொல்லவில்லை, நினைவூட்டுகின்றோம்.

நெதர்லாந்து நாட்டில் யோஸ் டெ பிளொக் என்பவர், தாமே செவிலியராகப் பணி செய்தவர். அந்நாட்டில் வீட்டுக்கு வந்து பேணும் வேலையைத் துண்டு துண்டாக்கி, ஊசி போட ஒருவர், குளிப்பாட்ட ஒருவர், கணக்கெழுத ஒருவர் என மேலாளர் பலர் பங்கிட்டு வைத்திருந்தனர். முதியவர் நாளுக்கொரு புதுமுகத்தைக் கண்டு மிரண்டார். 2006-ல் டெ பிளொக் அவர்கள் பூர்ட்சோர்க் என்னும் அமைப்பைத் தொடங்கினார். அக்கம்பக்கப் பேணல் என்பது அப்பெயரின் பொருள். பன்னிருவர்க்கு மேற்படாத செவிலியர் குழு ஒன்று ஒரு வட்டாரத்தை ஏற்கும். அவர்க்கு மேலாளர் இல்லை. எவர் எங்கே செல்வது, புதியவரைச் சேர்ப்பதா என்பவற்றைத் தாமே கூடி முடிவு செய்வர். அறிந்த முகமே மீண்டும் மீண்டும் வரும். அண்டை அயலாரையும் உறவினரையும் துணைக்குச் சேர்ப்பதும் அவர் தொழிலில் ஒரு பகுதி. கணக்கும் குறிப்பும் ஒரு கணினி வலையின்வழி நடைபெறுதலின், அலுவலகத்தில் சிலரே போதும். கருவிக்கு ஏற்ற இடம் எது என்பதை இங்கே காண்கின்றோம். முதியவரின் முன் இருக்க வேண்டிய கையை எழுத்து வேலையினின்றும் விடுவிப்பதே அதன் இடம்.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் கதை, நமக்கு ஆகுமா என்பீராயின், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் நோக்குக. 1993-ல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியை ஒட்டி வலிதணிப்புச் சங்கம் ஒன்று தோன்றியது. அந்நூற்றாண்டின் இறுதியில் மலப்புறம் முதலிய இடங்களில், ஆசிரியரும், வணிகரும், ஆட்டோ ஓட்டுநரும், மாணவரும் வாரத்தில் சில மணி நேரம் கொடுத்து, பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்போரை வீட்டிற்கே சென்று காணும் முறை பரவியது. கட்டணம் கட்டிப் பெறும் மருத்துவமன்று அது. ஊரார் சிறு காசு சேர்த்து நடத்துவது. தொண்டர் முன்னே செல்வர், செவிலியர் வழிகாட்டுவர், மருத்துவர் பின்னின்று துணைசெய்வர். 2008-ல் கேரள அரசாங்கம் இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. அங்கே ஏழைகளும் நோயாளிகளும் இருக்குமிடத்திலேயே தொண்டு தொடங்கியது. கட்டடம் பின்னர் வந்தது.

நம் நாட்டிலும் 2021 ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற "மக்களைத் தேடி மருத்துவம்", மகளிர் தொண்டர்களையும், இயன்முறை மருத்துவரையும், வலிதணிப்புச் செவிலியரையும் வீட்டு வாயிலுக்கு அனுப்புகின்றது. நீரிழிவு, குருதி அழுத்தம் ஆகியவற்றிற்கு மருந்து வீட்டிலேயே கிடைக்கின்றது. 2020 முதல் "இ-சஞ்சீவனி" வழியாக, கைத்தொலைபேசியிலேயே மருத்துவரைக் காணலாம். 14567 என்னும் எண்ணை அழைத்தால் முதியோர்க்குரிய வழிகாட்டல் கிடைக்கும். பெற்றோரைப் புறக்கணித்தார்மேல் வழக்கிட 2007-ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளது. ஆனால் இவற்றுள் எத்தனை நம் தெருவிலுள்ள எண்பது வயது மூதாட்டிக்குத் தெரியும்? தெரிந்தாலும், சிற்றெழுத்துக்கள் நிறைந்த திரையைத் தொட்டு எண்ணை அழுத்த அவர் விரலுக்கு இயலுமா? இடையே ஓர் இளைஞன் வேண்டும். அவ்விளைஞன் நம் சங்கத்தில் இருக்கின்றான்.

இனி, சொல்வதற்குச் சிறிது கூசும் ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். இச்சங்கம் நம் சமூகத்தாருடையது. இங்கேயன்றி வேறெங்கும் இதனை யாம் மனம்விட்டுச் சொல்ல இயலாது. எம் அன்னையாரை அப்பெண் பேணிய காலத்தில், காண வந்த உறவினர் சிலர் நோயின் நிலையைக் கேட்குமுன், "இவள் யார் வீட்டுப் பெண்?" என்று கேட்டனர். அவர் கேட்டதன் பொருள் அவைக்குத் தெரியும். அவள் கையால் நீர் வாங்கி அருந்தத் தயங்கியவரும் உளர். மலசலம் எடுக்கும் கை அவளுடையதாக இருக்கலாம். நீர் கொடுக்கும் கை அவளுடையதாக இருத்தல் ஆகாது என்பது என்ன நியாயம்? எம் அன்னையாரோ தம் பெயரையும் மறந்தவர், எம்மையும் மறந்தவர். அந்தக் கையை மட்டும் மறந்திலர். அவள் தொட்டால் வாய் திறப்பார். யாம் தொட்டால் திறவார். நோய் அவரிடமிருந்து பலவற்றைப் பறித்தது. அவற்றோடு இவ்வேற்றுமையையும் பறித்துச் சென்றது. நாம் நோய் வருமுன்னரே அதனை விடலாகாதா?

பேணும் தொழில் இழிதொழில் என்னும் எண்ணம் நம்மிடம் உள்ளவரை, நம் பிள்ளைகள் எவரும் அதனைக் கற்க முன்வரார். பிறர் பிள்ளைகளைக் குறைந்த கூலிக்கு அமர்த்தி, பயிற்சியின்றி நம் தாய்மாரை அவரிடம் ஒப்படைத்து, புண் கண்டால் அவரையே வைவோம். வீட்டிலோ முழுச்சுமையும் மருமகளின் தலைமேல் விழும். மூன்றாண்டு இரவும் பகலும் கண்விழித்த எம் மனைவியிடம், "உனக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டுமா?" என்று யாம் ஒருமுறையேனும் கேட்டிலேம் என்பதை இவ்வவையில் ஒப்புக்கொள்கின்றோம். அவர் இவ்வவையிலேயே அமர்ந்திருக்கின்றார்.

ஆதலின், கட்டடப் பிரேரணைக்கு மாறாக அன்று, அதற்கு முன்னதாகச் செய்யத்தக்கனவாக ஐந்தினை அவையின்முன் வைக்கின்றோம்.

முதலாவது: நம் ஊரில், நம் தெருக்களில், தனித்திருக்கும் முதியோர் யாவர், படுக்கையிற் கிடப்போர் யாவர் என்று ஒரு பட்டியல். அதில் சமூகப் பிரிவு பாராட்டலாகாது. தெருவே எல்லையாக இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டின் மாற்றுத் திறவுகோலும் அண்டையிலுள்ள ஒருவரிடம் இருத்தல் வேண்டும். அவர் எண் வெளியூரிலுள்ள மகனிடம் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது: இளைஞர் இருபதின்மர்க்கு, ஆண்களும் பெண்களுமாக, முறையான பேணற் பயிற்சி. ஆண்களும் என்பதை அழுத்திச் சொல்கின்றோம். தந்தையைக் குளிப்பாட்டுதல் மகனுக்கு இழுக்கன்று. அவருட் சிலர் இதனைத் தொழிலாகக் கொள்வரேல், முகவர் இடையின்றி, எழுத்து மூலமான ஊதியமும் வார ஓய்வும் பெறுமாறு சங்கம் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது: ஒரு கருவிச்சாலை. தலைப்பக்கம் உயரும் கட்டில், சக்கர நாற்காலி, நடைதாங்கி, காற்று மெத்தை, மலங்கழிக்கும் நாற்காலி ஆகியவற்றை வாங்கிவைத்து, வேண்டுவார்க்கு இரவலாகக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். இவை பல வீடுகளில் சில மாதங்களே தேவைப்பட்டுப் பின் பரணில் ஏறிவிடுகின்றன. கொடுக்கும்பொழுது பயன்படுத்தும் முறையையும் ஒருவர் நேரிற் சென்று காட்டுதல் வேண்டும்.

நான்காவது: ஒவ்வொரு முதியவர்க்கும் ஒரே தாளில், உண்ணும் மருந்துகள், ஒவ்வாதன, மருத்துவர் எண் ஆகியவை எழுதிய குறிப்பு. கைத்தொலைபேசி வழி மருத்துவரைக் காட்டுதற்கு வாரத்தில் ஒருநாள் இளைஞர் ஒருவர் வீடு தேடிச் செல்லல். படுக்கையறையில் காமிரா வைப்பதாயின், அம்முதியவரைக் கேட்டு, அவர் இசைந்த பின்னரே வைத்தல். முதுமை வந்தமையால் மானம் போய்விடுவதில்லை.

ஐந்தாவது: பேணுவார்க்கு ஓய்வு. மாதத்தில் இரண்டு நாளேனும் பயிற்சி பெற்ற ஒருவர் அவ்வீட்டில் அமர்ந்து, மருமகளையோ மகளையோ விடுவித்தல். அவர் உறங்கட்டும், கோயிலுக்குச் செல்லட்டும், தாய்வீடு சென்று வரட்டும்.

இவ்வைந்தும் ஓராண்டு நடந்தால், நமக்கு இல்லம் வேண்டுமா, வேண்டுமாயின் எத்தனை பேருக்கு, எத்தனை செவிலியரோடு என்பது தானே விளங்கும். அப்பொழுது கட்டும் கட்டடத்தில் கைகளும் இருக்கும். இப்பொழுதே கட்டினால், வாயிலிற் பொறித்த நன்கொடையாளர் பெயர்கள் மட்டுமே இருக்கும்.

பெரியோர்களே! இவ்வவையில் முன்வரிசையில் அமர்ந்துள்ளோர் சிலர் கோலூன்றி வந்துள்ளீர்கள். பின்வரிசையில் நிற்கும் இளைஞர்கள் கையில் தொலைபேசியோடு நிற்கின்றார்கள். கோலும் இங்கேயே உள்ளது; புதிய கருவியும் இங்கேயே உள்ளது. இடையேயுள்ள இருபது அடித் தூரத்தை இளைஞர்கள் நடந்து வருதல் வேண்டும் என்பதே எம் விண்ணப்பம். கூட்டம் முடிந்ததும் முதற் பட்டியல் எழுதுதற்கு ஒரு குறிப்பேடு வாயிலில் வைக்கப்பெற்றிருக்கும். பயிற்சிக்கு முதற் பெயராக எம் மகனின் பெயரை அவன் கையாலேயே எழுதியுள்ளான். இரண்டாவது பெயருக்கு இடம் விட்டிருக்கின்றோம்.